தேவமலர் அக்கா முழுதாகப் பார்த்த படம்

ஜெர்மனியின் எசன் நகரில் முதுகலை படிக்க வந்த முதல் குளிர்காலத்தில் ஒரு திரையரங்கில் பகுதிநேர வேலைக்குச் சேர்ந்தேன். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரியான என் கையில் துடைப்பத்தைக் கொடுத்தவர் தேவமலர் அக்கா.

“டிகிரி முடிச்ச தம்பியோ? அப்ப கதிரைக்குக் கீழயும் வடிவாக் கூட்டுவீர்,” என்றார்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர், பதினெட்டு வருடமாக அங்கே துப்புரவு வேலை. படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கியதும் நாங்கள் உள்ளே போவோம். அதனால் எந்தப் படத்தின் கதையும் அக்காவுக்குத் தெரியாது.

அந்த மார்ச்சில் தபால்காரக் கழுதையின் கார்ட்டூன் படம் வந்தது. எல்லாக் கடிதங்களையும் தப்பான வீட்டில் கொடுக்கும் அந்தக் கழுதையின் சித்திரக்கதைகளை இங்கே படிக்காத பிள்ளையே இல்லை. அக்காவின் மகள் ஆதிரையும் அப்படித்தான் வளர்ந்திருக்கிறாள். வங்கியில் கிடைத்த அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சியைப் பாதியில் விட்டுவிட்டு ஓவியம் படிக்கக் கிளம்பியவளிடம், “கழுதை கீறி ஆர் பிழைச்சது?” என்று அக்கா கேட்டிருக்கிறார். அதிலிருந்து நாலு வருடமாகப் பேச்சில்லை. இந்தப் படத்துக்கு அவள் வரைந்திருக்கிறாள் என்பதுகூட ஊரார் சொல்லித்தான் தெரியும்.

“பேர் போடுவினமோ தம்பி? என்ர கண்ணுக்கு அந்த ஓட்டத்தில பிடிக்க ஏலாது. நீர் பாத்துச் சொல்லும்.”

நாலாவது காட்சி முடிந்து பெயர்கள் ஓடியபோது கண்டுபிடித்தேன். பின்னணி ஓவியர்கள் வரிசையில் ஆதிரை மகேந்திரராஜா.

“எதைக் கீறினவளாம்?”

“முழுப் படமும் பார்த்தாத்தான் தெரியும் அக்கா.”

மறுநாள் விடுப்பு எடுத்தார். இரண்டு டிக்கெட் வாங்கி, என்னையும் இழுத்துக்கொண்டு குழந்தைகளுக்கு நடுவே போய் உட்கார்ந்தார். பாதிப் படத்தில் கழுதையின் சமையலறை வந்தது. கழுவாத பாத்திரங்கள் கூரை வரை. அரங்கமே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை, என் கையைப் பிடித்தார். அந்தக் குவியலின் உச்சியில், அரிசி அரிக்கும், உள்ளே வரிவரியாக இருக்கும் அரிக்கன் சட்டி. ஜெர்மன் கழுதைக்கு அது எதற்கு?

“என்ர பிள்ளை கீறினது,” என்றார்.

படம் முடிந்ததும் வெளியே வந்து போன் போட்டார்.

“அம்மா கதைக்கிறன். படம் பாத்தனான்.” போனை மற்றக் காதுக்கு மாற்றினார். பிறகு, “குசினியை ஏன் பிள்ளை அப்பிடி ஊத்தையாக் கீறி வச்சிருக்கிறாய்?”

“அம்மா, அது கழுதையின்ர வீடு.” மறுமுனைக் குரல் எனக்கும் கேட்டது.

“கழுதையெண்டா? சட்டி எங்கட சட்டியெல்லோ!”

அவள் சிரிக்கத் தொடங்கினாள். நான் நகர்ந்து போய் பஸ் நிறுத்தத்தில் நின்றேன். மூன்று பஸ் போயின.

தேவமலர் அக்கா இப்போதும் அதே அரங்கில் வேலை செய்கிறார். மாதத்தில் ஒரு சனிக்கிழமை ரயிலேறி ஸ்டுட்கார்ட்டுக்கு, மகள் வீட்டுக்குப் போய்வருகிறார்.