வலை வாங்குதல்

பொத்தானை அழுத்தியதும் நாடா சரசரக்கும், பிறகு அப்பாவின் இருமல் கேட்கும், அதற்குப் பின்தான் பேச்சு தொடங்கும். திருக்கடையூருக்குக் கிழக்கே, கடலை ஒட்டிய எங்கள் குப்பத்து ஆண்கள் பலர் வளைகுடா நாடுகளுக்கு மீன்பிடி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த தொண்ணூறுகளின் தொடக்கம் அது. பஹ்ரைனுக்குப் போன அப்பாவுக்கு எழுதத் தெரியாது என்பதால், ஊர் திரும்புகிறவர்கள் கையில் கேசட் கொடுத்தனுப்புவார்.

"நேத்து நல்ல 'பாடு'. நாலு பேரு நின்னு வலை 'வாங்கு'னோம். 'மடி' நெறஞ்சு ஏறவே மாட்டேன்னுடுச்சு" என்று, கேசட் தீரும்வரை கடலைத்தான் பேசுவார். எங்களுக்குப் பாடு என்றால் கிடைத்த மீன். மடி என்றால் வலையின் பை போன்ற அடிப்பகுதி. வாங்குவது என்றால் வலையைக் கடலிலிருந்து இழுத்து ஏற்றுவது. "எம்மாம் மீனு பாத்தியாடி" என்பாள் அம்மா, தானே படகில் நின்று பார்த்ததுபோல.

அப்பாவின் சம்பாத்தியத்தில்தான் நான் டவுன் கான்வென்ட் விடுதியில் தங்கி ஏழாவது படித்தேன். என் தோழி வசந்தி குடவாசல் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். கடல் பார்க்க ஆசைப்பட்டு ஒரு விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவள், கேசட்டைக் கேட்டுவிட்டு, "ஒங்கப்பா நடுக்கடல்ல போயா வலை வாங்குறாரு? கடையில கெடைக்காதா?" என்று சிரித்தாள். விளங்காமல்தான் சிரித்தாள். எல்லாம் விளங்கிய நானும் சேர்ந்து சிரித்தேன். அம்மா கேசட்டை நிறுத்திவிட்டு எங்களுக்குச் சோறு போட்டாள்.

அந்த வாரம் பதில் கேசட்டில் அம்மா தன் பங்கைப் பேசிவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போன நேரம் பார்த்து, நான் பேசினேன். "அப்பா, இனிமே ஒழுங்கான தமிழ்ல பேசுங்க. பாடு, வலை வாங்குறதுன்னெல்லாம் சொல்லாதீங்க. வெக்கமா இருக்கு."

நான்கு மாதம் கழித்து அடுத்த கேசட் வந்தது. "அன்புள்ள மகளுக்கு, நான் நலமாக இருக்கிறேன். இங்கு மீன்கள் அதிகமாகக் கிடைக்கின்றன." யாரிடமோ எழுதி வாங்கி மனப்பாடம் செய்தது, நடுவில் இரண்டிடத்தில் தடுக்கியது. மூன்று நிமிடத்தில் முடிந்துவிட்டது. மிச்ச நேரமெல்லாம் வெறும் சரசரப்பு. அம்மா அதைக் கடைசிவரை ஓடவிட்டாள், திருப்பிப் போட்டாள், அந்தப் பக்கமும் ஒன்றுமில்லை.

"கேசட்டு கெட்டுப்போச்சாடி?"

"ஆமாம்மா" என்றேன்.

அப்பா ஊர் திரும்ப இன்னும் ஒன்பது வருடங்கள் ஆயின. அதுவரை வந்த கேசட்டுகள் எல்லாம் மூன்று நிமிடக் கேசட்டுகள்தான். உண்மையைச் சொல்வதற்குள் அம்மா இறந்துவிட்டாள்.

அப்பாவின் பழைய பேச்சு இன்று ஒரு சொல்கூடக் கைவசம் இல்லை. அவர் அனுப்பிய அதே கேசட்டுகளின் மேல்தான் நாங்கள் பதிலைப் பதிவு செய்து திருப்பி அனுப்பினோம். எங்கள் கரையிலும் இப்போது பெரிய படகுகளில் வலையை இயந்திரம் இழுக்கிறது.

அப்பா தஞ்சாவூரில் என்னோடுதான் இருக்கிறார். போன மாதம் என் மகள் பள்ளிக்கூட வேலைக்காக, "தாத்தா, கடல்ல போட்ட வலைய எப்படி மேல ஏத்துவீங்க?" என்று கேட்டாள். அப்பா வாயைத் திறந்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"இழுப்போம்மா" என்றார்.