வேலாயி அக்கா கை தூக்கிய நாள்

வேலாயி அக்காவைப் பற்றி எழுத எனக்குத் தகுதி கிடையாது. வேறு யாரும் எழுதப் போவதில்லை என்பதால் எழுதுகிறேன்.

மலேசியாவில், மெர்லிமாவ் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, பதினான்கு வயதில் வேலைக்கு இறங்கியவர். புருஷன் லாரி விபத்தில் போன பிறகு, பதினாறு வருஷம் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டில் முதுகில் பம்பைச் சுமந்து களைக்கொல்லி அடித்தார். கை நகங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. வெடித்த விரலில் குழம்பு பட்டால் உயிர் போகும், அதனால் சோற்றைக் கரண்டியால்தான் சாப்பிடுவார். "என்னக்கா, வெள்ளைக்காரத் துரை மாதிரி!" என்று லயத்து வரிசை வீடுகளில் கிண்டல் செய்வார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

நான் ஜாசினில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட். மலாக்காவில் ஒரு சுற்றுச்சூழல் சங்கத்தில் உறுப்பினராக இருந்தேன். ஆற்றுக்கும் ஆமை முட்டைக்கும் உருகுகிற நல்ல மனிதர்கள். பேச்செல்லாம் இங்கிலீஷில்தான். தோட்டத்தில் வேலை செய்கிறவர் ஒருவர்கூடக் கிடையாது, தமிழ் முகம் நான் ஒருத்தி. அதில் எனக்குப் பெருமை வேறு, வெட்கக்கேடு.

1994இல் சங்கம் பூச்சிமருந்து பற்றி ஒரு கருத்தரங்கு வைத்தது. அக்காவின் கைகளைப் படமெடுத்துக் கொடுத்தது நான்தான்.

"நீங்களும் வாங்கக்கா. கவர்மெண்ட் ஆபிசர் வர்றாரு. நீங்க தமிழ்ல பேசுங்க, நான் இங்கிலீஷ்ல சொல்றேன்."

அந்த வாரம்தான் அவருடைய மகள் தேவமலரை, திங்கட்கிழமை முதல் மருந்தடிக்க வரச் சொல்லி, வேலை வாங்கும் மண்டோர் பேர் எழுதியிருந்தான். பெண்ணுக்கு வயது பதினெட்டு. வராவிட்டால் லயத்து வீட்டைக் காலி பண்ண வேண்டும்.

"எனக்கு ஒன்னும் வேணாம்மா. எம் புள்ளைய மட்டும் இந்த வேலையில விடாதீங்கன்னு அந்த ஆபிசர்கிட்ட சொல்லணும். அவ்ளோதான் லா" என்றார் அக்கா.

சனிக்கிழமை, ஓட்டல் மண்டபம். அக்கா கல்யாணப் பட்டு கட்டி வந்திருந்தார். நான் பின்னால் ஸ்லைடு மெஷினில். விளக்கை அணைத்ததும் அவருடைய கைகள் சுவர் அகலத்துக்குத் திரையில் வந்தன. கீழே 'மலாக்கா தோட்டத் தொழிலாளி' என்று இங்கிலீஷில் போட்டிருந்தது. பெயர் இல்லை. அந்தக் கைகளைப் பற்றி அரை மணி நேரம் பேசினார்கள். பிறகு கேள்வி நேரம் என்றார்கள். என்ன சொன்னார்கள் என்று புரியாவிட்டாலும், மற்றவர்கள் கை தூக்குவதைப் பார்த்து அக்காவும் தூக்கினார்.

கோலாலம்பூரிலிருந்து வந்திருந்த செயலாளர் பெண், அக்காவுக்கு ஏதோ அவசரம் என்று நினைத்து ஓடி வந்து, சிரித்த முகத்தோடு அவர் தோளைத் தொட்டு எழுப்பி, கைத்தாங்கலாக வெளியே கூட்டிப்போய்க் கழிவறையைக் காட்டினாள்.

நான் பார்த்தேன். 'அவர் பேச வந்தவர்' என்று ஒரு வார்த்தை கத்தியிருக்கலாம். கத்தவில்லை. நானும் லயத்துப் பெண்தான் என்று அந்த மண்டபத்துக்குத் தெரிந்துவிடுமோ என்று பயந்தேன். அக்கா திரும்பி வருவதற்குள் ஆபிசர் கிளம்பிவிட்டார்.

பஸ்ஸில் அக்கா கேட்டார். "நான் கையத் தூக்குனத நீ பாக்கலையாம்மா?"

"இருட்டுல தெரியலக்கா."

"அதான பாத்தேன். பாத்திருந்தா நீ சும்மாவா இருந்திருப்ப?"

திங்கட்கிழமை மனசு கேட்காமல் விடியலிலேயே தோட்டத்துக்குப் போனேன். பெண்கள் வரிசையாக நின்றார்கள். தேவமலர் அழுதுகொண்டிருந்தாள். அவள் முதுகில் பம்பைத் தூக்கி வைத்து வாரை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தது வேலாயி அக்காதான்.