மெர்சி கொடுத்த ஒரு வாய் தண்ணீர்

ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் ஷேர் ஆட்டோ நின்றிருந்தபோது சாம் அண்ணனிடமிருந்து போன் வந்தது. "கீதாம்மா, மெர்சி..." என்றார். அதற்கு மேல் அவருக்கு வரவில்லை. மெர்சியின் கணவர் காலை வேளையில் என்னைக் கூப்பிட அப்போது ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும். மீதியை நானே சொல்லி அவரை விடுவித்திருக்கலாம். சொல்லவில்லை. சிக்னல் விழுந்து, ஆட்டோ நகர்ந்து, பக்கத்தில் இருந்த பெண் இறங்கிப் போன பிறகும் போனைக் காதில் வைத்துக்கொண்டிருந்தேன். "போயிட்டாம்மா" என்றார் கடைசியில்.

மெர்சியைத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். 'அவர்' என்று எழுதுவதுதான் மரியாதை என்று எங்கள் பேச்சுப் பயிற்சியாளர்கள் சங்கத்தில் சொன்னார்கள். ஒரே வகுப்பில் படித்து, ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டு, தாம்பரத்தில் ஒரு பேக்கரியின் மாடியில் என்னோடு பேச்சுப் பயிற்சி மையம் நடத்தியவளை என்னால் அவள் என்றுதான் சொல்ல முடியும். பக்கவாதம் வந்தவர்களுக்கு மாடியிலா மையம் என்று கேட்காத ஆள் இல்லை. லிஃப்ட் இருந்தது, வேலை செய்யும் நாட்களில்.

எனக்குப் பொறுமை கிடையாது. ஆட்டோவில் ஏறினால் இறங்கும் வரை டிரைவருக்கு வழி சொல்லிக்கொண்டே போகிற ஜாதி நான். மெர்சி நேர் எதிர். ஒரு கேள்வி கேட்டுவிட்டு, பதில் வரும் வரை முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல் உட்கார்ந்திருப்பாள். பார்க்கிற எனக்குத்தான் கால் ஆடும்.

அவளுடைய தண்ணீர் டம்ளர் பழக்கத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அது எப்படித் தொடங்கியது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு காலத்தில் நெல் விளைந்த நிலம் வைத்திருந்து, பிறகு கடைகள் கட்டி வாடகைக்கு விட்ட ஒருவர் வந்தார். ஏகாம்பரம் என்று வைத்துக்கொள்வோம். பக்கவாதத்தில் பேச்சு போயிருந்தது. சொல்வது புரியும், சொல்ல வராது. கூட வந்த மனைவி நல்ல மனுஷி, ஆனால் அவரை ஒரு கேள்விக்கும் தனியே விடவில்லை.

"சார், உங்க பேரு?"

"ஏகாம்பரம் மேடம்."

"காலையில என்ன சாப்ட்டீங்க சார்?"

"ரெண்டு இட்லி மேடம். இட்லின்னா அவருக்கு உசுரு."

மெர்சி எழுந்து போய் ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள். "அக்கா, ஒரு வாய் குடிங்க. முழுங்காதீங்க. நான் சொல்ற வரைக்கும் அப்படியே வச்சிருங்க." அந்த அம்மா ஏன் எதற்கு என்று தெரியாமல், கன்னம் உப்ப உட்கார்ந்தார். மெர்சி அதே கேள்வியை மறுபடி கேட்டாள். கீழே பேக்கரியில் பன் வெந்து வாசனை மேலே வந்தது. ஏகாம்பரம் மனைவியின் கன்னத்தைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், உதட்டைக் கூட்டினார், விட்டார், மறுபடி கூட்டினார். "இட்லி..." என்றார். அப்புறம் நெடுநேரம் கழித்து, "வோணாம்" என்றார்.

அந்த அம்மா தண்ணீரை முழுங்கிவிட்டு ஓவென்று அழுதார். "இத்தினி நாளா அதானே ஊட்டிகினு இருந்தேன்! வேற இன்னா வோணும்யா, சொல்லுய்யா!" அவர் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். அன்றிலிருந்து நோயாளியோடு யார் வந்தாலும் அவர்களுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் என்றாகிவிட்டது. பேராசிரியர்கள், பாதிரியார், ஒரு போலீஸ்காரர், எல்லோரும் எங்கள் மையத்தில் கன்னம் உப்ப உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஆராய்ச்சி என் ஆசை. அவளுக்கு அதில் அவநம்பிக்கை என்று நினைத்திருந்தேன். வெளிநாட்டுப் படங்களை வைத்து நான் ஒரு சோதனை தயாரித்தபோது, பனி பொம்மையின் படத்தை எடுத்துக்காட்டி, "பள்ளிக்கரணையில எங்கடி பனி கொட்டுது?" என்று கேட்டவள் அவள். ஆனால் ஒரு சங்கக் கூட்டத்தில் பேச எங்களைக் கூப்பிட்டபோது, குடும்பங்களிடம் அனுமதி வாங்கி எங்கள் பயிற்சிகளைப் பதிவு செய்யலாம் என்று சொன்னதும் அவள்தான். யார் எவ்வளவு பேசுகிறார்கள் என்று கேட்டுப் பார்ப்பதுதான் திட்டம்.

கேட்டோம். சொந்தக்காரர்கள் பேசியதைவிட நாங்கள் பேசியதுதான் அதிகம். என் குரல் ஒரு பெரியவரிடம், "இது தண்ணி குடிக்கிறது சார், சொல்லுங்க, ட... டம்... டம்ளர்! சூப்பர் சார்!" என்கிறது. பெரியவர் வாயே திறக்கவில்லை. "சூப்பர் உனக்கு நீயே சொல்லிக்கிட்ட" என்றாள் மெர்சி. அவளுடைய பதிவுகளும் பெரிய வித்தியாசம் இல்லை. பொறுமைக்குப் பேர்போனவளும் பாதி வார்த்தையைப் பிடுங்கத்தான் செய்திருந்தாள். கூட்டத்தில் இரண்டையும் போட்டுக் காட்டினாள். முதலில் சிரித்த அரங்கம் பிறகு சிரிக்கவில்லை. "அவங்க முறை வர்ற வரைக்கும் வாயை மூடிக்கிட்டு இருங்க. நம்ம படிப்புல பாதி அதுதான்" என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

போன வருஷம் அவளுக்குத் தலையில் கட்டி என்று தெரிந்தது. பேச்சுக்கு உரிய இடத்தை ஒட்டி. ஸ்கேனைப் பார்த்துவிட்டு, "சிலபஸ்ல இருந்தே கேட்டுட்டாங்க" என்றாள். ஒரு ஆபரேஷன் நடந்தது. பிறகு வலது கை தளர்ந்தது, பேச்சு ஒவ்வொரு சொல்லாகக் கழன்றது. இரண்டாவது ஆபரேஷன் செய்து பார்க்கலாம், பலன் நிச்சயமில்லை என்றார் டாக்டர். முடிவு செய்ய வேண்டிய வாரத்தில் பெருங்களத்தூரில் அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

"செஞ்சிடலாம்னுதான் இருக்கோம்" என்றார் சாம் அண்ணன். "அவளுக்கும் அதான் விருப்பம். கண்ணைப் பார்த்தாலே தெரியுது."

"அவளைக் கேட்டீங்களா அண்ணா?"

"கேட்டேன்மா. பதில் வரலை."

மெர்சி கட்டிலில் சாய்ந்திருந்தாள். பக்கத்து ஸ்டூலில் அவள் குடிக்க வைத்திருந்த தண்ணீர். அவள் இடது கையால் அந்த டம்ளரை மெல்ல அவர் பக்கம் தள்ளினாள். அவருக்குப் புரிந்துவிட்டது. வாயில் தண்ணீரை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். நான் கொஞ்சம் பெருமையோடுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் டம்ளரை என் பக்கமும் தள்ளினாள்.

இருவரும் கன்னம் உப்ப உட்கார்ந்திருந்தோம். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஊருக்குப் போகிற பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டே போயின. அடுத்த வீட்டில் குக்கர் விசில் அடித்து ஓய்ந்தது. எங்களைப் பார்த்து அவளுக்கு ஒரு பக்கமாகச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு வேலையைத் தொடங்கினாள். எத்தனையோ பேர் முகத்தில் நான் பார்த்த அதே தேடல், அதே உதட்டுக் கூட்டல். "ஆப..." என்றாள். நின்றாள். என் தொண்டை வரை அந்த வார்த்தை வந்துவிட்டது. தண்ணீர் தடுத்தது.

"வேணாம்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "வீடு."

சாம் அண்ணனால் தண்ணீரை முழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. கண்ணிலிருந்து கொட்டியது. என்னைக் கேட்டிருந்தால் நானும் அவளுக்காக ஆபரேஷன் என்றுதான் சொல்லியிருப்பேன். அவ்வளவு வருஷம் பழகியும் எனக்கு அவள் பதில் தெரியவில்லை.

வீட்டிலேயே இருந்தாள், வீட்டிலேயே போனாள். ஜெபத்துக்கு வந்திருந்த உறவினர்களில் ஒருவர், "இன்னொரு ஆபரேஷன் பண்ணியிருக்கலாமே சாம்?" என்று கேட்டார். நான் முந்திக்கொள்ளவில்லை. "அவ வேணாம்னுட்டா" என்றார் சாம் அண்ணன். "நாங்க இல்ல. அவளே சொன்னா." கேட்டவர் தலையாட்டிவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரே பழக்கம்தான், அதிலும் ஒரு சின்னத் திருத்தம். அடக்கம் முடிந்து மையத்தைத் திறந்த அன்று, பேச்சிழந்த ஒரு அம்மாவை அவருடைய மகன் கூட்டிவந்தார். "அம்மா பேரு..." என்று மகன் ஆரம்பித்தார். நான் எழுந்து போய் இரண்டு டம்ளர்களில் தண்ணீர் கொண்டுவந்தேன். ஒன்றை மகனிடம் கொடுத்தேன். இன்னொன்று எனக்கு.