நம்மாளா, வெளியாளா

விளக்கெண்ணெயைச் சுடவைத்துத் தோல் பந்தின் மேல் துணியால் தேய்க்கும்போது ஒரு வாசனை எழும். பழைய செருப்பும் மாட்டுக்கொட்டகையும் கலந்தாற்போன்ற அந்த வாசனை, அறுபதுகளில் செஞ்சியில் இருந்த எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலைதோறும் சமையலறை வரைக்கும் பரவியிருக்கும். ஊர்க் கால்பந்து அணிக்கு இருந்த ஒரே நல்ல பந்து எங்கள் வீட்டில்தான் இருந்தது. "தலைக்குத் தேய்க்க எண்ண இல்ல, பந்துக்கு வந்து நிக்கிறாங்க" என்று முணுமுணுத்தபடியே அம்மா எண்ணெய்ச் சட்டியை எடுத்துக் கொடுப்பாள். என் அண்ணன் ஏழுமலை பந்தை மடியில் வைத்துக்கொண்டு தேய்ப்பான். தையல் பிரிந்த இடங்களை நான் விரலால் தடவிப் பார்த்துச் சொல்வேன். எனக்கு அப்போது பதினோரு வயது, அவனுக்குப் பதினெட்டு.

அப்பாவை நாங்கள் "நைனா" என்று கூப்பிடுவோம்; சிநேகிதர்களுக்கு அவர் கோவிந்து. செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் ஓடிய பஸ்ஸில் அவர் கண்டக்டர். இளவயதில் கோல்கீப்பராக நின்று, முழங்கால் பிசகியபின் ஆட்டத்தை விட்டவர். அவருடைய உயிர்ச் சிநேகிதர் இன்னாசி சார், பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர். பக்கத்துக் கிராமத்துக் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தவர். சிறுவயதில் மாதா கோயிலுக்கு வந்திருந்த வெள்ளைக்காரச் சாமியாரிடம் பந்து உதைக்கப் படித்தவர். இந்த இருவரும் சேர்ந்துதான் ஊரில் கால்பந்து அணியை உண்டாக்கினார்கள். ஆள் பிடிப்பது, மைதானத்துக்கு அனுமதி கேட்பது, வெளியூர் ஆட்டத்துக்குப் பஸ்ஸில் இடம் போட்டு வைப்பது எல்லாம் நைனாவின் பொறுப்பு. ஆட்டம் சொல்லிக்கொடுப்பது இன்னாசி சாருடையது. செஞ்சிக் கோட்டையின் கிருஷ்ணகிரி மலையடியில் கல்லும் முள்ளும் பொறுக்கிய ஒரு பொட்டல்தான் மைதானம். எல்லோரும் வெறுங்காலில்தான் ஆடினார்கள். ஏழுமலை அண்ணன் இடது ஓரத்தில் ஓடுகிற "லெப்ட் அவுட்".

ஆட்டம் மைதானத்தில் என்றால், பேச்சு முழுவதும் பஸ் நிலையத்துக்கு எதிரில் இருந்த பாஷா பாயின் டீக்கடையில். கடையை ஒட்டிப் பஞ்சாயத்து ரேடியோ இருந்தது. சாயங்காலச் செய்தி நேரத்தில் அங்கே பெரியவர்களும் பிள்ளைகளும் கூடிவிடுவோம். திண்டிவனத்திலிருந்து கடைசி டிரிப்பில் வரும் நைனா அன்றைய பேப்பரைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இறங்குவார். அப்படி வந்த ஒரு பேப்பரில்தான் அந்தச் செய்தி இருந்தது. இந்திய அணியை ஆசியாவிலேயே முதலாவதாக நிறுத்திய பயிற்சியாளர் காலமான பிறகு அவர் இடம் காலியாகக் கிடந்தது; அந்த இடத்துக்கு வெளிநாட்டிலிருந்து ஒருவரைக் கொண்டுவரலாமா என்று மேலே யோசிக்கிறார்களாம்.

நைனா அதை உரக்கப் படித்துவிட்டுப் பேப்பரைப் பெஞ்சில் அடித்தார். "தங்கம் வாங்கிக் குடுத்தவரு நம்மாளுதான? அவரு எந்தச் சீமைக்குப் போயி படிச்சிகினு வந்தாரு? வெள்ளக்காரன போடான்னு அனுப்பிட்டு, திரும்ப வந்து எங்கள அதட்டுப்பான்னு கூப்புடறதா?"

இன்னாசி சார் டீயை ஊதிக் குடித்தபடி நிதானமாகத்தான் பதில் சொன்னார். "அவர மாதிரி இன்னொருத்தர் இருந்தா காட்டு கோவிந்து, நான் வாய மூடிக்கறேன். இல்லாதப்போ வெளியாளு வந்தா இன்னா கெட்டுப்போச்சு? அவனுக்கு எவன் எந்த ஊருன்னு தெரியாது, எவன் யாருக்கு மச்சான்னு தெரியாது. கால மட்டும்தான் பாப்பான்."

"கால பாத்தா போதுமா? பையன் சாப்டானா, தூங்கினானான்னு அவனுக்குத் தெரியுமா? திட்றதுன்னா எந்த பாஷையில திட்டுவான்?"

கடை முழுக்கச் சிரித்தது. இப்படித்தான் தொடங்கியது. தில்லியிலும் கல்கத்தாவிலும் யாரோ முடிவு செய்யப்போகிற ஒரு விஷயத்துக்காகச் செஞ்சியில் தினமும் தொண்டை கிழிந்தது. பாஷா பாய் கடையில் இருந்த இரண்டு பெஞ்சுகளுக்கு "நம்மாளு பெஞ்சு", "வெளியாளு பெஞ்சு" என்று பெயரே வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் நாங்களும் இரண்டு கட்சியாகப் பிரிந்து கத்திக்கொண்டோம். நான் எந்தக் கட்சி என்று கேட்டவர்களிடம், நைனா இருக்கும்போது ஒன்றும் இன்னாசி சார் எதிரே வரும்போது வேறொன்றும் சொல்லிச் சமாளித்தேன்.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு சாயங்காலம் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிட்டது. அன்று நைனா விடாமல் "நம்மாளு, நம்மாளு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இன்னாசி சாருக்குச் சட்டென்று முகம் சிவந்தது.

"நம்மாளு இன்னா செய்வான் தெரியுமா? நான் செஞ்சேனே, அத்ததான் செய்வான். உம் மவன டீம்ல போடுன்னு நீ எங்கிட்ட வந்து நின்ன. நானும் போட்டேன். நான் நம்மாளு, அதனால போட்டேன்."

ஏழுமலை அண்ணன் அங்கேதான் நின்றிருந்தான், கையில் டீ கிளாசுடன்.

"போடுன்னா சொன்னேன்?" என்றார் நைனா. அவர் குரல் தாழ்ந்திருந்தது. "பையன் நல்லா ஆட்றான், பாருன்னேன்."

"நீ பாருன்னா, நான் பாக்காம இருக்க முடியுமா கோவிந்து?"

அண்ணன் கிளாசைப் பெஞ்சின் மேல் வைத்துவிட்டு நடந்தான். நான் பின்னாலேயே ஓடினேன். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்த நைனாவிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். "நெசமா நைனா? போயி கேட்டியா?" நைனா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார், மாட்டியதை எடுத்து மறுபடி மாட்டினார். அண்ணன் தன் ஆட்டத்துப் பனியனை மடித்து, பந்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டான். அன்று எங்கள் வீட்டில் சோறு அப்படியே இருந்தது.

இரண்டு நாள் கழித்து இன்னாசி சாரும் அணியை விட்டு விலகிக்கொண்டார். "சொன்ன சொல்லுக்கு நானும் கட்டுப்படணும். நான் இருந்தா நம்மாளுதான் இருக்கான்னு ஆயிடும். வேற ஆளப் பாத்துக்குங்க" என்று பாஷா பாயிடம் சொல்லி அனுப்பினார். காணும் பொங்கலன்று திண்டிவனத்து அணியுடன் வருஷாந்திர ஆட்டம் இருந்தது. கோட்டையைப் பார்க்க வருகிற ஜனமெல்லாம் கூடி நிற்கிற ஆட்டம் அது. இந்திய அணிக்கு யார் கோச்சு என்று சண்டை போட்டவர்கள், தங்கள் அணிக்கே கோச்சு இல்லாமல் நின்றார்கள்.

வழி சொன்னவர் பாஷா பாய்தான். திருவண்ணாமலை ரோட்டில் தார் போடும் வேலைக்கு மலையாளத்து ஓவர்சியர் ஒருவர் வந்திருந்தார். அவர் தன் ஊரில் நன்றாகப் பந்து ஆடியவர் என்பது, கடையில் டீ குடிக்கும்போது பேச்சுவாக்கில் பாய்க்குத் தெரிந்திருந்தது. இரண்டு பெஞ்சும் ஒத்துக்கொண்டன. மார்கழியில் அவர் பையன்களை எல்லாம் மைதானத்துக்கு வரச் சொன்னார். யாருடைய பெயரையும் கேட்கவில்லை.

அண்ணன் போகமாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தான். நைனா அவன் எதிரில் வந்து உட்கார்ந்தார். "போ ஏழுமல. நான் அந்தப் பக்கமே வரமாட்டேன். அந்தாளுக்கு நீ யாருன்னு தெரியாது. இந்த வாட்டி யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது." அப்படிச் சொன்னபோது நைனாவின் முகத்தில் இருந்தது கெஞ்சலா நம்பிக்கையா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அண்ணன் பனியனை எடுத்துக்கொண்டு போனான்.

ஓவர்சியர் அவனை எடுக்கவில்லை. லெப்ட் அவுட்டாக மேல்சித்தாமூரிலிருந்து சைக்கிள் மிதித்து வந்த தனபால் என்ற ஒல்லிப் பையனை எடுத்தார்.

செய்தி தெரிந்த அன்றைக்கே, சண்டைக்குப் பிறகு முதன்முறையாக இன்னாசி சார் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தார். செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை. "அந்தாளுக்குக் கண்ணு இருக்குதா கோவிந்து? இந்தப் பையன் இடது காலு மாதிரி இந்தத் தாலுக்காவுல ஒரு காலு கெடையாது. நேத்து வந்தவனுக்கு நம்ம பசங்களப் பத்தி இன்னா தெரியும்?"

"வெளியாளு கால மட்டும்தான் பாப்பான்னு நீதான சொன்ன வாத்யாரே" என்றார் நைனா. "பாத்துட்டான். வுடு."

அம்மா கொண்டுவந்து கொடுத்த தண்ணீரை வாங்கி இன்னாசி சார் குடிக்காமலே வைத்துக்கொண்டு நின்றார். பிறகு அண்ணன் பக்கம் திரும்பினார். "அன்னிக்கு கோவத்துல சொல்லிட்டேண்டா. உங்க நைனா கேட்டிருந்தாலும் கேக்காட்டியும் நான் உன்ன எடுத்திருப்பேன்."

அண்ணன் நிமிர்ந்து பார்த்தான். கோபமாகச் சொல்லவில்லை, உண்மையாகவே கேட்பதுபோலக் கேட்டான். "அத்த நான் எப்பிடி சார் தெரிஞ்சிக்கறது?"

இன்னாசி சார் குடிக்காத தண்ணீரை அம்மாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்.

மறுநாள் அண்ணன் என்னையும் கூட்டிக்கொண்டு ரோட்டு வேலை நடக்கும் இடத்துக்குப் போனான். தார்ப் புகைக்கு நடுவே குடை பிடித்து நின்றிருந்த ஓவர்சியரிடம், ஏன் என்னை எடுக்கவில்லை என்று நேராகவே கேட்டான். அவர் சற்று யோசித்து, மலையாளம் கலந்த தம்முடைய தமிழில் சொன்னார்: "நல்லா ஓடுது. பட்சே, தலை கீழே. பந்தை மாத்திரம் பாக்குது, ஆளைப் பாக்கலை. அந்த மெலிஞ்ச பையன் தலை மேலே வெச்சு ஓடுது." அவ்வளவுதான். பிறகு, ஆட்டத்தன்று கோட்டோரம் கொடி பிடிக்க ஆள் வேண்டும், வருவாயா என்று கேட்டார். அண்ணன் வருகிறேன் என்றான்.

காணும் பொங்கலன்று மைதானத்தைச் சுற்றிக் கரும்பும் கையுமாகக் கூட்டம். நைனா ஒரு பக்கம், இன்னாசி சார் சற்றுத் தள்ளி. ஆளுக்கு ஒரு கோல் போட்டுச் சமமாக இருந்தது. பொழுது இறங்குகிற நேரத்தில் தனபால் இடது ஓரமாகப் பந்தை உருட்டிக்கொண்டு பாய்ந்தான். ஒருவனைக் கடந்தான், இன்னொருவனைக் கடந்தான், உள்ளே திருப்பி அடித்தான், கோல். மலையடி அதிர்ந்தது. துண்டுகள் மேலே பறந்தன. நான் குதித்துக்கொண்டே திரும்பினால், இடது கோட்டோரத்தில் ஏழுமலை அண்ணன் கொடியைத் தூக்கிப் பிடித்தபடி நிற்கிறான். பந்து முன்பே கோட்டைத் தாண்டி வெளியே போய்விட்டதாம். ரெப்ரி ஓடிவந்து அவனிடம் கேட்டார். கோல் இல்லை என்று கையாட்டினார்.

கூட்டம் கோட்டுக்குள் இறங்கிவிட்டது. "தனக்கு எடம் குடுக்கலன்னு வயித்தெரிச்சல்ல தூக்கிட்டான்" என்று ஒருவன் கத்த, அதையே பத்துப் பேர் திருப்பிக் கத்தினார்கள். யாரோ கரும்புத் துண்டை எறிந்தார்கள். அது அண்ணன் தோளில் பட்டது. அவன் கொடியை இறக்கவில்லை. நான் அழ ஆரம்பித்துவிட்டேன்.

அப்போது இன்னாசி சார் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் அவன் முன்னால் நின்றார். "பந்து வெளிய போச்சு. நான் பாத்தேன்" என்றார். டிரில் மாஸ்டரின் குரல் அது. கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. நைனா காலை இழுத்துக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் நின்றார். "நானும் பாத்தேன். வெளியதான் போச்சு." கொஞ்ச நேரம் கழித்துத் தனபாலும் மூச்சு வாங்க வந்து, "ஆமா, கோட்டுக்கு அந்தாண்டதான் இருந்திச்சு" என்று தரையைப் பார்த்துச் சொன்னான். அதன் பிறகுதான் கூட்டம் பின்வாங்கியது. ஆட்டம் சமமாகவே முடிந்தது. திரும்பி வரும்போது நைனாவும் இன்னாசி சாரும் ஒன்றாகத்தான் நடந்தார்கள். என்ன பேசினார்கள் என்று தெரியாது. பேசினார்களா என்பதும் தெரியாது.

அந்தக் கோடையில் ஏரி வற்றியதும் அண்ணன் தினமும் விடிகாலையில் என்னை எழுப்பினான். நான் ஏரியின் நடுவில் நின்று விரல்களை நீட்டுவேன்; அவன் பந்தை உருட்டி ஓடி வந்தபடியே எத்தனை விரல் என்று சொல்ல வேண்டும். முதலில் பந்து ஒரு பக்கம் ஓடும், அவன் ஒரு பக்கம் ஓடுவான். ஆடி மாதத்துக்குள், நான் விரலை மாற்றி மாற்றிக் காட்டினாலும் ஒன்றுகூடத் தப்பாமல் சொன்னான். அடுத்த மார்கழியில் ரோட்டு வேலை முடியாமல் இழுத்துக்கொண்டிருந்ததால் ஓவர்சியரும் இருந்தார். அந்த முறை தனபாலை வலது ஓரத்துக்கு மாற்றிவிட்டு, இடது ஓரத்தில் ஏழுமலையை நிறுத்தினார். அன்றைக்கு வீட்டுக்கு வந்த அண்ணன் அம்மாவிடம் சொன்னான்: "அம்மா, டீம்ல சேந்துட்டேன்." முன்பே மூன்று வருஷம் அதே டீமில் ஆடியிருந்தவன் சொன்ன சொல் அது.

இந்திய அணிக்கு வெளிநாட்டுக்காரர்தான் வந்தார். பாஷா பாய் கடையில் அதைப் பற்றியும் பேசினார்கள். ஆனால் யாராவது ஒருவருடைய குரல் ஏறினால், பாய் கேட்காமலே இன்னொரு டீயைக் கொண்டுவந்து நடுவில் வைத்துவிடுவார்.

அந்தப் பொட்டலில் இப்போது வரிசையாக வீடுகள். டீக்கடை இருந்த இடத்தில் செல்போன் ரிப்பேர் கடை. பஞ்சாயத்து ரேடியோ இருந்த மேடையை இடித்து ஆட்டோக்கள் நிற்க இடம் பண்ணிவிட்டார்கள். நைனாவும் போய்விட்டார், இரண்டு வருஷம் கழித்து இன்னாசி சாரும் போய்விட்டார். அண்ணன் திண்டிவனத்தில் மகனோடு இருக்கிறான். அவனுடைய பேரன் பள்ளி அணியில் ஆடுகிறான். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் அண்ணன் தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாகப் போய் முன்வரிசையில் உட்கார்ந்துவிடுவான். ஆள் எடுக்கிற அன்று மட்டும் போகமாட்டான். பேரன் கையைப் பிடித்து இழுத்தாலும், கால் வலி என்று சொல்லி வீட்டிலேயே இருந்துகொள்வான்.

போன தடவை நான் போயிருந்தபோது அப்படி ஒரு நாள். பையன் முகம் வாடிப் போனதைப் பார்த்து, "ஒரு நாளு போனா இன்னாண்ணா?" என்று கேட்டேன்.

"அங்க வாத்யாருங்க பாதிப் பேருக்கு என்னத் தெரியும்மா" என்றான். "அவன் தானா உள்ள போவட்டும்."

சாயங்காலம் வரைக்கும் வாசல் கேட்டுக்கு அருகிலேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.