சந்திரமௌலியின் சாட்சி

என் வீட்டுக்காரர் சந்திரமௌலிக்குக் கோபமே வராது என்று மொன்ட்ரியாலில் இருந்த தமிழர்கள் எல்லாரும் மெச்சிக்கொள்வார்கள். அவர் பங்குக்கும் சேர்த்து நான்தான் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அறுபத்தெட்டில் அந்த ஊரின் கோட்-டெ-நெய்ஜ் பகுதிக்குக் குடிவந்தோம். அவர் பல்கலைக்கழகத்தில் சரித்திரம் சொல்லிக்கொடுத்தார். முந்நூறு வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவில் குடியேறிய பியூரிட்டன்கள் என்ற கெடுபிடியான கிறிஸ்தவர்கள்தான் அவருடைய பாடம். அவர்கள் ஊரில் பாவம் வேறு, குற்றம் வேறு இல்லையாம். பாதிரியார் வாயில் வந்த வார்த்தைகள்தான் நீதிபதி வாயிலும் வருமாம். பக்கத்து வீட்டுக்காரன் சபையில் எழுந்து ஒரு பெண்ணைப் பற்றி ஒரு சொல் சொன்னால் போதும், அவள் கதை முடிந்தது. அந்த வழக்குகளைப் படித்துப் படித்து, தம் வாயால் யார்மேலும் பழிச்சொல் விழக்கூடாது என்று இவர் முடிவு கட்டியிருந்தார். திருடனைக்கூட 'கஷ்டப்படறவன்' என்பார்.

எழுபத்துமூன்று தீபாவளிக்கு எங்கள் வீட்டில் பஜனையும் சாப்பாடும். புறநகரான லாசாலிலிருந்து எஞ்சினியர் சுந்தரராஜனும், ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்த அவன் மனைவி கமலினியும் ஆறு வயது மகள் வைஜயந்தியோடு வந்திருந்தார்கள். வந்தவர்களின் குளிர்கோட்டுகளை எல்லாம் படுக்கையறைக் கட்டிலில் குவித்திருந்தோம். யாருக்கோ கோட்டு எடுக்கப்போன இவர், அங்கே சுந்தரராஜன் கமலினியின் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதுவதைப் பார்த்துவிட்டார். கமலினியும் இவரைப் பார்த்துவிட்டாளாம். சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு வந்து பாயசம் கேட்டார். எல்லாரும் போன பிறகுதான் என்னிடம் சொன்னார்.

இரண்டு மாதத்தில் கமலினி வீட்டை விட்டு வெளியேறி விவாகரத்துக்கு மனுப் போட்டாள். கொடுமையை நிரூபித்தால்தான் விவாகரத்து. குழந்தையும் அதைப் பொறுத்துத்தான் கிடைக்கும். அவள் அடிவாங்கியதைக் கண்ணால் பார்த்தவர் இவர் ஒருவர்தான்.

"அண்ணா, நீங்க பார்த்ததை மட்டும் சொன்னாப் போதும்" என்றாள்.

"வரேன்மா" என்றார் இவர்.

பஜனைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? அவளுக்கு ஓடிப்போனவள், அடங்காதவள், குடும்பத்துக்கு வந்த சாபம் என்று பட்டம் கட்டினார்கள். அந்தச் சொற்களுக்கு மட்டும் யாரும் கஞ்சத்தனம் பார்க்கவில்லை.

கோர்ட்டில் பைபிளை நீட்டினார்கள். இவர் அதைப் பயபக்தியோடு கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவளுடைய வக்கீல், தீபாவளியன்று என்ன நடந்தது என்று கேட்டார்.

"கணவன் மனைவிக்குள் ஒரு மனஸ்தாபம்."

"அவர் மனைவியை அடித்தாரா?"

இவர் சுந்தரராஜனைப் பார்த்தார். அவன் தலையைக் குனிந்துகொண்டிருந்தான்.

"அவர் கொஞ்சம் முன்கோபி. மனைவியைச் சுவரோரமாக நிறுத்திப் பேசினார்."

பின்வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்கு எழுந்து கத்தவேண்டும்போல் இருந்தது. வக்கீல் திரும்பத் திரும்பக் கேட்டார். இவர் முன்கோபியைத் தாண்டி ஒரு அடி நகரவில்லை.

கோபக்காரக் கணவன் கொடுமைக்காரன் ஆகிவிட மாட்டான் என்று தீர்ப்பானது. மனுத் தள்ளுபடி. குழந்தை லாசால் வீட்டில் அப்பாவோடு இருக்கட்டும், தாய் ஞாயிற்றுக்கிழமைகளில் பார்க்கலாம் என்றார் நீதிபதி. கமலினி எங்களைக் கடந்து போனாள். அண்ணா என்றும் கூப்பிடவில்லை, மன்னி என்றும் கூப்பிடவில்லை.

"உங்க பியூரிட்டன்காரா தேவலை" என்றேன் வீட்டுக்கு வந்ததும். "அவா வாயைத் திறந்து கெடுத்தா. நீங்க திறக்காமலே கெடுத்துட்டேள்."

"ஒருத்தனைக் கொடுமைக்காரன்னு சொல்லிட்டா அது ஆயுசுக்கும் போகாது, அம்புஜம்."

"அவளோட குழந்தை போயிடுத்தே!"

இவர் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

மறுவாரம் சுந்தரராஜன் மகளோடு வந்தான். தட்டு நிறையப் பழம். ஹாலிலேயே இவர் காலில் விழுந்தான்.

"என் மானத்தைக் காப்பாத்தினேள் அண்ணா."

இவர் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். முகம் வெளுத்துப்போயிருந்தது.

"நீ அவளை அடிச்சே" என்றார். "முடியைப் பிடிச்சுச் சுவத்துல மோதினே. நான் பார்த்தேன்."

இத்தனை வருஷத்தில் அவர் ஒருத்தன்மேல் குற்றம் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். கேட்க அங்கே நீதிபதி இல்லை. சுந்தரராஜன் எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டான்.

அவன் பின்னால் நின்ற வைஜயந்தி இவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"நானும் பார்த்திருக்கேன் மாமா" என்றாள். "என்னை யாரும் கேக்கலை."