வரிக்குப் பயந்து பழசான பீரோ

எண்பதுகளில் எங்கள் விழுப்புரத்தில் சீர் பீரோ வாங்கப் பாண்டிக்குத்தான் போவோம். அங்கே விற்பனை வரி கம்மி. அதே இரும்பு, அதே பெயிண்ட், ரோட்டில் ஒரு செக்போஸ்ட் கம்பைத் தாண்டினால் விலை வேறு. அந்தச் சட்டமெல்லாம் எனக்குத் தெரியாது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைகழுவிவிட்டது.

தங்கைக்கு மறுநாள் திண்டிவனத்தில் முகூர்த்தம். பீரோ வராமல் பையன் மணையில் உட்கார மாட்டான் என்று அவன் அம்மா சொல்லியனுப்பியிருந்தார். நானும் அத்தையும் பாண்டியில் பீரோ வாங்கி வேனில் ஏற்றினோம். வழியில் என் மூளை வேலை செய்தது. அதுதான் வினை. செக்போஸ்ட்டில் புதுசுக்குத்தானே வரி கேட்பார்கள்? பையிலிருந்த என் அழுக்கு லுங்கியையும் ஓட்டை பனியனையும் பீரோவுக்குள் தொங்கவிட்டேன்.

செக்போஸ்ட்டில் அதிகாரி பீரோவைத் தட்டிப் பார்த்தார்.

"புதுசாய்யா?"

"பழசுங்க சார். வூடு மாத்திக்கினு போறோம். பத்து வருசமா எங்க வூட்லதான் கீது."

கண்ணாடியில் கம்பெனிக் காகிதம் ஒட்டியபடியே இருந்தது.

"பத்து வருசமா மூஞ்சியே பாக்கலியா?"

"இந்த மூஞ்சிக்கு அது ஒண்ணுதான் கொறச்சல் சார்."

அவர் சிரிக்கவில்லை. "நீ வியாபாரிதான். வண்டிய ஓரங்கட்டு."

என்னை ஒருவர் வியாபாரி என்றது அதுதான் முதல் தடவை. சந்தோஷப்படத்தான் நேரமில்லை.

அத்தை இறங்கி வந்தார். "இவன் ஒரு அரவேக்காடுங்க. பொண்ணுக்கு சீருங்க இது." பில்லையும் மஞ்சள் தடவிய பத்திரிகையையும் நீட்டினார்.

"இத மொதல்லியே சொல்றதுக்கு இன்னா? சொந்த உபயோகத்துக்கு வரி ஏதும்மா? ஜல்தியா கெளம்புங்க."

"நீங்களும் குடும்பத்தோட வந்துடணும் சார்," என்றார் அத்தை.

பையன் வீட்டார் பார்க்க அழகாக இருக்கட்டும் என்று வழியிலேயே காகிதத்தைச் சுரண்டி எறிந்தேன். துணிகளை மறந்துவிட்டேன்.

சாயங்காலம் மண்டபத்தில் எல்லோர் முன்னாலும் சம்பந்தியம்மா பீரோவுக்குக் குங்குமம் வைத்துத் திறந்தார். என் லுங்கி அவர் தோளில் விழுந்தது.

"இன்னாங்க இது? பழைய பீரோவா வாங்கியாந்தீங்க?"

"சத்தியமா புதுசுங்க!" என்று கண்ணாடியைக் காட்டினேன். அதில் என் மூஞ்சிதான் தெரிந்தது.

அத்தை மறுபடி பில்லை எடுத்தார். அதிகாரி மேலோட்டமாகப் பார்த்ததைச் சம்பந்தியம்மா வரிவரியாகப் பார்த்தார்.

"பாண்டி வெலையா? இங்க ஜாஸ்தியாச்சே. அப்ப மிச்சம் புடிச்சதுல ஒரு ஃபேன் வாங்கிக் குடுத்துடுங்க."

செக்போஸ்ட்டில் கட்டாத வரியை மண்டபத்தில் கட்டினோம். மறுநாள் மாப்பிள்ளை மணையில் உட்கார்ந்தார், ஃபேன் காற்றில்.