மூன்று முறை கூப்பிட்டார்களாம்

என் தங்கைக்குப் பிறவியிலேயே காது கேட்காது. எழுதப் படிக்க என்னைவிட நன்றாகத் தெரியும். தொண்ணூறுகளில் அவள் எட்டு மாதக் கர்ப்பிணி. அவள் வீட்டுக்காரருக்கு பெங்களூரில் வேலை. ஒரு பௌர்ணமியன்று அவளைத் தனியாகத்தான் திருவண்ணாமலை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையில் எனக்குக் கற்பூரக் கடை. அன்றைக்கு மூட முடியாது.

மதியம் வைத்தியம் பார்க்காமலே திரும்பி வந்தாள். மூன்று முறை பெயரைக் கூப்பிட்டும் வராவிட்டால் சீட்டை அடியில் சொருகிவிடுவது அங்கே வழக்கம். இவள் சீட்டு அடியிலேயே கிடந்து, நேரமும் முடிந்துவிட்டது.

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு நானே கூடப் போனேன்.

"இவளுக்குக் காது கேக்காது சிஸ்டர். கூப்பிடாதீங்க, கையக் காட்டுங்க."

"எல்லாருக்கும் ஒரே ரூல்தாம்மா."

"காது கேக்கறவங்களுக்குப் போட்ட ரூலுங்க அது."

பின்னால் யாரோ, "செவிடன் காதுல ஊதுன சங்கு" என்று சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சங்கு ஊத வேணாம்னுதான் நானும் சொல்றேன்!"

வாசலை விட்டு நகரவில்லை. கடைசியில் நர்ஸ் கதவுக்கு நேர் எதிரே ஒரு ஸ்டூலைப் போட்டு அவளை உட்காரவைத்தார். முறை வந்ததும் சீட்டைத் தூக்கிக் காட்டினார். இவ்வளவுதான் வேலை. இதற்கா இத்தனை சண்டை!

ஜெயித்த மிதப்பில் உள்ளே போனேன். டாக்டரம்மா என்னைப் பார்த்துக் கேட்டார், நானும் மடமடவென்று பதில் சொன்னேன்.

"நல்லா இருக்கா டாக்டர். கால் வீக்கம்தான் கொஞ்சம் ஜாஸ்தி."

தங்கை என் முந்தானையை இழுத்தாள். 'இரு' என்று கையமர்த்தினேன். மறுபடியும் இழுத்தாள்.

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்கம்மா" என்று டாக்டர் பேனாவையும் காகிதத்தையும் அவளிடம் நகர்த்தினார்.

'காலையிலிருந்து வயிற்றில் அசைவே இல்லை. பஸ்ஸில் அக்காவிடம் சைகையில் சொன்னேன். பார்க்கவில்லை' என்று எழுதினாள்.

பஸ்ஸில் நான் ஜன்னல் பக்கம் திரும்பி, நர்ஸிடம் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். மேஜையை விட்டு ஓரமாகத் தள்ளி நின்றேன்.

டாக்டர் வயிற்றில் குழல் வைத்துக் கேட்டார். உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்பதை அவளுக்கே எழுதிக் காட்டினார். அவளே படித்தாள், அவளே கையெழுத்துப் போட்டாள்.

மதியம் நர்ஸ் வெளியே வந்தார்.

"அழுதுச்சா சிஸ்டர்?"

"நல்லா அழுதுச்சு. என்ன கொழந்தன்னு கேக்க மாட்டீங்களா?"

"வேணாம் சிஸ்டர். கண்ணு முழிச்சதும் அவளுக்குக் காட்டுங்க. அவ எனக்குச் சொல்லட்டும்."